காட்டுக்குள் டென்ட் போட்டுத் தங்கலாமா? கேரவனில் போனால் ஓகேவா? சட்டம் என்ன சொல்கிறது?

வார இறுதி வந்தால் போதும். பூந்தமல்லி, கரையான்சாவடி, ஆவடி பக்கம் நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் முதல் கேள்வி, "மச்சி, எங்க போலாம்?" பெங்களூரு நெடுஞ்சாலை பக்கத்திலேயே இருக்கிறது. திருவள்ளூர், ஊத்துக்கோட்டை வழியாகப் போனால் ஆந்திராவின் நாகலாபுரம் மலை. ஆன்லைனில் டென்ட் வாங்குவதும் சுலபம். காட்டுக்குள் ஒரு ராத்திரி, நெருப்பு மூட்டி, நட்சத்திரம் பார்த்து... ரீல்ஸில் பார்க்க அருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த டென்ட்டை எங்கே அடிக்கலாம்? தேசியப் பூங்காவுக்குள் அடிக்கலாமா? அமெரிக்காவில் அடிக்கிறார்களே, இங்கே ஏன் கூடாது? பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் எத்தனை தேசியப் பூங்கா?

மொத்தம் 5. கிண்டி, முதுமலை, ஆனைமலையில் உள்ள இந்திரா காந்தி தேசியப் பூங்கா, நீலகிரியின் முக்குருத்தி, மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா.

இந்த ஐந்தில் எதிலும் சொந்த டென்ட்டை எடுத்துப்போய் நினைத்த இடத்தில் தங்க முடியாது. கிண்டி பூங்கா 3 சதுர கிலோமீட்டர்கூட இல்லை, சுற்றிலும் நகரம். மன்னார் வளைகுடாவில் இருப்பவை 21 தீவுகள். அங்கே அனுமதி இல்லாமல் தரை இறங்குவதே குற்றம். முதுமலையிலும் ஆனைமலையிலும் இரவு தங்க வேண்டும் என்றால் ஒரே வழி, தெப்பக்காடு, டாப்சிலிப் போன்ற இடங்களில் இருக்கும் வனத்துறை விடுதிகள். முன்பதிவு கட்டாயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அடிப்படை 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம்தான். அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழையவோ தங்கவோ கூடாது என்கிறது பிரிவு 27. 'தங்குவது' என்ற சொல்லே சட்டத்தில் தனியாக இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பகலில் டிக்கெட் வாங்கி உள்ளே போனவர், இரவும் இருந்துவிடலாம் என்று நினைக்க முடியாது. பிரிவு 30 தீ மூட்டுவதைத் தடுக்கிறது. கேம்ப் ஃபயர் ஆசை அங்கேயே முடிந்துவிட்டது. பிரிவு 35 இதே கட்டுப்பாடுகளைத் தேசியப் பூங்காவுக்கும் பொருத்துகிறது.

மீறினால்? 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பொதுவான விதிமீறலுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சரி, பூங்கா வேண்டாம், சாதாரண காட்டில் அடிக்கலாமே என்று கேட்கலாம். அதுவும் பெரும்பாலும் காப்புக்காடுதான். அங்கே 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டம் காத்திருக்கிறது. அத்துமீறி நுழைவதும் தீ வைப்பதும் அதன்படியும் குற்றம். நாகலாபுரம் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: அது ஆந்திர வனத்துறையின் காடு. தமிழ்நாட்டில் வாங்கிய எந்த அனுமதியும் அங்கே செல்லாது.

குரங்கணியை மறக்க முடியுமா?

இந்த விதிகள் ஏதோ காகிதச் சடங்கு என்று தோன்றினால், 2018 மார்ச் 11-ம் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சென்னையிலிருந்து போன ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு குழு. இரண்டும் தேனி மாவட்டம் போடி அருகே உள்ள குரங்கணி மலையில் இருந்தன. சென்னைக் குழு முதல் நாளே மலையேறி, இரவு கொழுக்குமலையில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிக் கொண்டிருந்தது. கோடைக்காலம், இடுப்பளவு காய்ந்த புல், செங்குத்தான சரிவு. காட்டுத்தீ கீழிருந்து மேலே ஏறியது. மலைச்சரிவில் தீ மேல்நோக்கிப் போகும்போது வேகம் பல மடங்கு கூடும். மனிதரால் ஓடித் தப்பிக்க முடியாது. எந்தப் பக்கம் ஓடுவது என்றே தெரியாமல் பலர் பள்ளத்தில் சிக்கினார்கள்.

விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, உள்ளூர் மக்கள் போர்வையில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மருத்துவமனைகளில் அடுத்தடுத்து உயிர்கள் போய், கடைசியில் இறந்தவர்கள் எண்ணிக்கை 23. அதில் பலர் இளம் பெண்கள், ஐடி வேலையில் இருந்தவர்கள், புதிதாகத் திருமணம் ஆனவர்கள்.

விசாரணைக்கு ஐஏஎஸ் அதிகாரி அதுல்ய மிஸ்ரா நியமிக்கப்பட்டார். அப்போது பெரிதாக எழுந்த கேள்வி அனுமதி பற்றியதுதான். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் பாதைக்குத்தான் சீட்டு, கொழுக்குமலைப் பாதைக்கு அனுமதி கிடையாது என்றது வனத்துறை. பணம் கட்டிச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கையில் இருக்கும் சீட்டு எந்தப் பாதைக்கு என்று பார்த்திருப்பார்கள்? இன்றைக்கும் இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்து ஜிபே பண்ணுகிறவர்கள் கேட்காத கேள்வி அதுதான்.

அதன் பிறகு அதே ஆண்டு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் எனப் பிரிக்கப்பட்டன. அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம்.

இப்போது சட்டப்படி போக என்ன வழி?

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். ஆன்லைனில் பதிவு, கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி. அவர்களில் பலர் அந்தந்தக் காட்டை ஒட்டி வாழும் பழங்குடி இளைஞர்கள். காட்டுத்தீ காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகளை மூடிவிடுகிறார்கள். குரங்கணி தீ பற்றியதும் இதே காலத்தில்தான்.

மேற்குச் சென்னைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்தப் பட்டியலில் திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகையும் இருக்கிறது. கரையான்சாவடியிலிருந்து திருமழிசை, மணவாளநகர், திருவள்ளூர், பூண்டி என்று போனால் வந்துவிடும். கற்கால மனிதர்கள் ஒதுங்கிய பாறைக் குகை அது. கொடைக்கானல் வரை போகாமல் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஆனால் பகலில் நடைதான். அங்கே ராத்திரி டென்ட் கிடையாது.

அப்போ டென்ட்டில் தூங்கவே முடியாதா?

முடியும். பக்கத்து மாநிலத்தில்.

தேனியைத் தாண்டினால் கேரளாவின் பெரியார் புலிகள் காப்பகம். அங்கே 'டைகர் டிரெயில்' என்ற பெயரில் வனத்துறையே ஆட்களைக் காட்டுக்குள் அழைத்துப்போய் டென்ட்டில் தங்க வைக்கிறது. சின்னக் குழுதான். கூட வருகிற வழிகாட்டிகள் யார் தெரியுமா? ஒரு காலத்தில் அதே காட்டில் திருட்டுத்தனமாக வேட்டையாடியவர்கள், மரப்பட்டை வெட்டியவர்கள். 1990-களின் கடைசியில் அவர்கள் மீதான வழக்குகளைப் பேசித் தீர்த்து, காட்டைக் காக்கும் வேலையை அவர்களிடமே கொடுத்தார்கள். துப்பாக்கியோடு ஒரு வனக்காவலரும் கூட வருவார்.

பரம்பிக்குளத்திலும் வனத்துறையின் நிரந்தர டென்ட்கள் உண்டு. அது கேரளக் காடு, ஆனால் சாலை வழி பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் தாண்டித்தான்.

இரண்டு இடத்திலும் பொதுவான விஷயம் ஒன்று. இடத்தைத் தேர்வு செய்வது வனத்துறை. யானை எந்த வழியாகத் தண்ணிக்குப் போகும் என்று தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பார்கள்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வயநாடு ஓர் உதாரணம். 2021 ஜனவரியில் மேப்பாடி அருகே காட்டை ஒட்டிய தனியார் ரிசார்ட்டில், டென்ட்டில் தங்கியிருந்த ஓர் இளம் பெண் ஆசிரியை இரவில் யானை தாக்கி உயிரிழந்தார். அவர் இருந்த இடம் காட்டுக்குள் அல்ல, ஓரத்தில்தான். யானைக்கு அந்தக் கோடு தெரியாதே. துணியால் ஆன டென்ட் மழையைத் தடுக்கும், பூச்சியைத் தடுக்கும். 4 டன் எடையைத் தடுக்காது.

அமெரிக்காவில் மட்டும் எப்படி?

அங்கே யோசெமிட்டி போன்ற பூங்காக்களில் டென்ட்டுக்கும், வீடு போன்ற 'ஆர்.வி' வண்டிகளுக்கும் எண் போட்ட இடங்கள் இருக்கின்றன. பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். கரடி வரும் என்பதால் சாப்பாட்டை இரும்புப் பெட்டியில்தான் பூட்டி வைக்க வேண்டும், டென்ட்டுக்குள் வைத்தால் அபராதம். அங்கும் கண்ட இடத்தில் படுக்க விடுவதில்லை. ஆனால் நம்மூர்க் காடுகளில் யானை, புலி, சிறுத்தை, கரடி எல்லாமே ஒன்றாக இருக்கின்றன. காட்டைச் சுற்றி ஊர்களும் இருக்கின்றன.

கேரவன் கதை என்ன?

நம் ஊரில் கேரவன் என்றால் செம்பரம்பாக்கம் பக்கம் ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். இப்போது படுக்கை, கிச்சன், டாய்லெட் உள்ள சுற்றுலா கேரவன்கள் வாடகைக்கே கிடைக்கின்றன. கேரள அரசு 2021-ல் 'கேரவன் கேரளா' என்று தனித் திட்டமே அறிவித்தது.

ஆனால் காட்டு வழியில் அதை ஓரம் கட்டிப் படுக்க முடியாது. முதுமலையைத் தாண்டி வரும் பந்திப்பூர் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை, 2009-லிருந்து. சத்தியமங்கலத்தின் திம்பம் சாலையிலும் 2022-லிருந்து இரவுக் கட்டுப்பாடு. பகலிலும் காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கினால் அபராதம் உண்டு. ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ் தனி.

பழைய வேனை வாங்கி மெக்கானிக் ஷெட்டில் கட்டில் அடித்துக்கொள்ளலாம் என்ற ஐடியாவும் சிலருக்கு இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 அதைத் தடுக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கேட்கும்போது சிக்கல்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

அனுமதிச் சீட்டு யார் பெயரில், எந்தப் பாதைக்கு, எந்தத் தேதிக்கு? இரவு தங்குவதற்கும் சேர்த்தா, பகலுக்கு மட்டுமா? நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தங்குமிடம் பட்டா நிலமா, வனத்துறை இடமா, உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா? "அதெல்லாம் பாத்துக்கலாம் ப்ரோ" என்று பதில் வந்தால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.