நீர் தனிமம் அன்று: ஓர் உண்மை நிலைபெற்ற வரலாறு

இடைநிலைப் பள்ளி மாணவர் ஒருவரிடம் நீரின் வேதியியல் வாய்பாடு யாது என்று வினவினால், ‘எச்2ஓ’ என்னும் விடை உடனே வரும். அவ்விடை சரியானதே. ஆயின், நீரின் மூலக்கூறு ஒன்றில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் உள்ளன என்பது எவ்வாறு தெரியவந்தது என்று அடுத்த வினாவைத் தொடுத்தால், விடை அத்துணை விரைவில் வருவதில்லை. பாடநூலில் ஒரு வரியில் அடங்கிவிடும் அவ்வுண்மை நிலைபெற 1781 முதல் 1860 வரை ஏறத்தாழ 80 ஆண்டுகள் பிடித்தன. அதற்காக உழைத்தவர்களுள் சிலர் சரியாக அளந்து தவறாக விளக்கினர். சிலர் சரியாகச் சொல்லியும் கேட்பாரின்றி மறைந்தனர். அவ்வரலாற்றை அறியாமல் வாய்பாட்டை மட்டும் மனனம் செய்வோர் அறிவியலின் முடிவைப் பெறுகின்றனரேயன்றி அதன் முறையைப் பெறுவதில்லை.

பூதமாகக் கருதப்பட்ட நீர்

உலகப் பொருள்கள் அனைத்திற்கும் மூலம் நீரே என்று கருதினார் கிரேக்க அறிஞர் தேல்ஸ். அவருக்குப் பின்வந்த கிரேக்கர், நிலம், நீர், தீ, காற்று என நான்கு மூலங்களைக் கொண்டனர். தமிழ் மரபு வானையும் சேர்த்து ஐம்பூதம் என்றது. இக்கொள்கைகளை இன்றைய தனிமப் பட்டியலோடு ஒப்பிட்டு எள்ளுதல் முறையன்று. திண்மை, நெகிழ்ச்சி, வெம்மை, இயக்கம் என உலகத்தின் இயல்புகளை வகைப்படுத்த முன்னோர் கண்ட வழி அது. எனினும், நீரை மேலும் பிரிக்க இயலாது என்னும் எண்ணம் 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய வேதியியலில் வேரூன்றியிருந்தது.

அவ்வெண்ணத்திற்குச் சோதனை வழியாகவே வலுச்சேர்த்தவர் ஃபிளாண்டர்ஸ் நாட்டு மருத்துவர் வான் ஹெல்மான்ட். 200 பவுண்டு உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியிலிட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை அதில் நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே ஊற்றினார். ஈற்றில் மரம் 169 பவுண்டுக்குச் சற்று மேலாக எடை காட்டியது. மண்ணோ ஏறத்தாழ இரண்டு அவுன்சு மட்டுமே குறைந்திருந்தது. ஆகவே மரத்தின் உடல் முழுவதும் நீரிலிருந்தே உண்டாயிற்று என்று அவர் முடிவுகட்டினார். அவர் மறைவுக்குப் பின் 1648ஆம் ஆண்டு இம்முடிவு அச்சேறியது. நிறுத்துப் பார்த்த முறை போற்றத்தக்கது. ஆனால் மரத்தைச் சூழ்ந்திருந்த காற்றை அவர் கணக்கில் கொள்ளவில்லை. வாயுவைக் குறிக்கும் ‘கேஸ்’ என்னும் சொல்லைப் படைத்தவரும் அவரே என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

நீர் மண்ணாக மாறும் என்ற நம்பிக்கையும் அக்காலத்தில் இருந்தது. கண்ணாடிக் கலத்தில் நீரை நெடுநேரம் காய்ச்சினால் அடியில் மண்போன்ற படிவு தோன்றுவதை அதற்குச் சான்றாகக் காட்டினர். பிரெஞ்சு அறிஞர் அந்துவான் லவாய்சியே 1768ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 101 நாள்கள் ஒரு மூடிய கலத்தில் நீரைக் காய்ச்சினார். முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தபோது, எடை குறைந்திருந்தது கலமே, நீரன்று. படிவு கண்ணாடியிலிருந்து கரைந்து வந்தது என்று தெளிவாயிற்று.

எரியும் காற்றிலிருந்து பிறந்த நீர்

1766ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ், உலோகங்களை அமிலத்திலிட்டபோது வெளிப்படும் ‘எரியும் காற்றை’ ஆராய்ந்து அறிவித்தார். அதுவே பின்னாளில் ஹைட்ரஜன் எனப்பட்டது. 1774இல் ஜோசப் பிரீஸ்ட்லி, எரிதலை மிகுவிக்கும் மற்றொரு வாயுவைப் பிரித்தெடுத்தார். அது பின்னர் ஆக்சிஜன் என்று பெயர்பெற்றது.

1781ஆம் ஆண்டு கேவண்டிஷ் இவ்விரு வாயுக்களையும் மூடிய கலத்தில் கலந்து, மின்பொறியால் எரியூட்டினார். கலத்தின் உட்புறத்தில் பனித்துளிபோல் படிந்தது தூய நீர். எரியும் காற்று இரண்டு பங்கும் மற்றைய வாயு ஒரு பங்கும் ஏறத்தாழ முழுமையாகச் செலவாயின என்பதையும் அவர் கண்டார். 1784ஆம் ஆண்டு இம்முடிவுகள் வெளியாயின.

அளவு சரியானது, விளக்கம் தவறானது. எரியும் பொருள்களில் ‘ஃபுளோஜிஸ்டன்’ என்னும் பொருள் உறைந்திருக்கிறது என்ற அக்காலக் கொள்கையை கேவண்டிஷ் விடவில்லை. நீர் முன்பே இரு வாயுக்களிலும் மறைந்திருந்தது, எரிந்தபோது வெளிப்பட்டது என்றே அவர் கருதினார். தம் கையாலேயே நீரை ஆக்கியும், நீர் ஆக்கப்பட்ட பொருள் என்பதை அவர் ஏற்கவில்லை.

1783ஆம் ஆண்டு சூன் திங்களில் கேவண்டிஷின் உதவியாளர் சார்லஸ் பிளாக்டன் வழியாக இச்செய்தி பாரிசில் லவாய்சியேவை எட்டியது. அவர் உடனே சோதனையைச் செய்து, நீர் தனிமம் அன்று, இரு பொருள்களின் சேர்மமே என்று அறிவித்தார். பின்னர் மெனியேவுடன் இணைந்து எதிர்வழியிலும் சென்றார். செஞ்சூடேறிய இரும்புத் துப்பாக்கிக் குழல் வழியே நீராவியைச் செலுத்தியபோது, ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்தது. ஹைட்ரஜன் தனித்து வெளிவந்தது. சேர்த்தும் பிரித்தும் காட்டியதனால் வாதம் முழுமை பெற்றது. எனினும், கேவண்டிஷிடமிருந்து பெற்றதை லவாய்சியே உரியவாறு எடுத்துரைக்கவில்லை. இக்கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்ற பூசல், ஜேம்ஸ் வாட்டின் பெயரையும் இழுத்துக்கொண்டு, அடுத்த நூற்றாண்டிலும் நீடித்தது.

1800ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இத்தாலியின் வோல்ட்டா தம் மின்கல அடுக்கைப் பற்றி லண்டனுக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு மே மாதத்திலேயே நிக்கல்சனும் கார்லைலும் மின்னோட்டத்தால் நீரைப் பகுத்துவிட்டனர். ஒரு கம்பியில் ஹைட்ரஜனும் மறு கம்பியில் ஆக்சிஜனும் எழுந்தன. இன்றும் பள்ளி ஆய்வகங்களில் நாம் செய்துகாட்டும் மின்னாற்பகுப்பு அதுவே.

ஒன்றா, இரண்டா?

நீர் சேர்மம் என்பது உறுதியான பின்னும் ஒரு வினா எஞ்சியது. ஒரு கிராம் ஹைட்ரஜனோடு 8 கிராம் ஆக்சிஜன் சேர்ந்து 9 கிராம் நீராகிறது. இதிலிருந்து அணுக்களின் எண்ணிக்கையை அறிவது எங்ஙனம்? அணுக்கொள்கையை வகுத்த ஜான் டால்டன், எளிமை கருதி, ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்று கொண்டார். அவ்வாறாயின் ஆக்சிஜன் அணு ஹைட்ரஜன் அணுவைப்போல் 8 மடங்கு எடையுள்ளதாகும். ஹைட்ரஜன் இரண்டு என்று கொண்டாலோ 16 மடங்காகும். தொடக்கத்தில் கொண்ட ஓர் ஊகம் மற்றத் தனிமங்களின் அணு எடைகளையும் மாற்றிவிடும்.

விடை கிடைத்தது எடையிலிருந்து அன்று, பருமனிலிருந்து. இரு பங்கு ஹைட்ரஜன் ஒரு பங்கு ஆக்சிஜனோடு சேர்கிறது என்பதை 1805இல் கே-லுசாக்கும் ஹம்போல்ட்டும் துல்லியமாக உறுதிசெய்தனர். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் உள்ள சம பருமன் வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் உள்ளன என்று 1811இல் அவகாட்ரோ கூறினார். இரண்டையும் இணைத்தால் ‘எச்2ஓ’ தானே வந்துவிடும். ஆயினும் அவர் கூற்றை அறிஞருலகம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பொருட்படுத்தவில்லை. 1856இல் அவகாட்ரோ மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியலாளர் மாநாட்டில், இத்தாலியரான கனிசாரோ அக்கொள்கைக்காக வாதாடினார். அதன் பின்னரே நீரின் வாய்பாடு பற்றிய ஐயம் படிப்படியாக அகன்றது.

உயிரைத் தாங்கும் இயல்புகள்

வாய்பாடு தெரிந்தபின் அறிஞர் கவனம் நீரின் இயல்புகள்மேல் சென்றது. 1913இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் லாரன்ஸ் ஹெண்டர்சன், உயிர் வாழ்வுக்கு நீர் எவ்வளவு பொருந்தியுள்ளது என்பதை ஒரு நூலாகவே எழுதினார். காரணம் பின்னர்த் துலங்கியது. நீர் மூலக்கூறு நேர்க்கோடாக இல்லை; ஏறத்தாழ 104.5 பாகை வளைந்துள்ளது. அதன் ஆக்சிஜன் முனை சற்று எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் முனைகள் சற்று நேர்மின் தன்மையும் கொண்டவை. ஆகவே ஒரு மூலக்கூறு மற்றொன்றை ஈர்க்கிறது. இவ்வீர்ப்பை 1920இல் லாட்டிமரும் ரோட்புஷும் விளக்கினர். இன்று அதனை ஹைட்ரஜன் பிணைப்பு என்கிறோம்.

இப்பிணைப்பின் பயனை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். நீரைவிடக் கனமான மூலக்கூறுடைய ஹைட்ரஜன் சல்பைடு, சுழியத்திற்குக் கீழ் ஏறத்தாழ 60 பாகையிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. நீரோ 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. பிணைப்பு இல்லையேல் கடலும் ஆறும் குருதியும் நீர்ம நிலையில் இரா. ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடேற்ற ஏறத்தாழ 4.2 ஜூல் வெப்பம் வேண்டும். அதனால் கடல் மெல்லச் சூடேறி மெல்லத் தணிகிறது. உறையும்போது நீரின் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுவதால் பனிக்கட்டி மிதக்கிறது. குளிர்நாட்டு ஏரிகளில் பனிக்கட்டிக்குக் கீழே மீன்கள் பிழைத்திருக்கின்றன. உப்பையும் சர்க்கரையையும் கரைத்துச் செல்லும் ஆற்றலால் உடலின் உயிரணுக்கள் உணவு பெறுகின்றன.

1941இல் கலிபோர்னியாவில் ரூபனும் காமனும் அவர்தம் குழுவினரும், எடை மிகுந்த ஆக்சிஜன் அணுக்களைக் கொண்டு, ஒளிச்சேர்க்கையில் வெளிப்படும் ஆக்சிஜன் நீரிலிருந்தே வருவதற்குச் சான்று கண்டனர். நிக்கல்சனும் கார்லைலும் மின்னோட்டத்தால் செய்த பகுப்பைப் பசும் இலை கதிரொளியால் செய்கிறது. அப்போது பெறப்படும் ஹைட்ரஜன் இலை ஆக்கும் சர்க்கரையில் சேர்கிறது. கார்பனோ காற்றிலிருந்து வருகிறது. வான் ஹெல்மான்ட்டின் மரம் நீரால் மட்டும் ஆனதன்று. ஆனால் நீரும் அதன் உடலாயிற்று என்பது பொய்யன்று.

பெயர்கள் சொல்லும் வரலாறு

1787இல் லவாய்சியேவும் மூவரும் வேதிப்பொருள்களுக்குப் புதிய பெயர்களை வகுத்தனர். ஹைட்ரஜன் என்பதற்கு ‘நீரை உண்டாக்குவது’ என்று பொருள். தமிழில் வழங்கும் ‘நீரகம்’ அதனோடு ஒத்துச் செல்கிறது. ஆக்சிஜன் என்பதற்கோ ‘அமிலத்தை உண்டாக்குவது’ என்று பொருள். எல்லா அமிலங்களிலும் அவ்வாயு உண்டு என்னும் லவாய்சியேவின் கருத்தே அப்பெயருக்கு அடிப்படை. அக்கருத்து பிழையானது என்று 1810 அளவில் ஹம்ப்ரி டேவி காட்டினார். பிழை திருத்தப்பட்டது, பெயர் நின்றுவிட்டது. தமிழில் நாம் வழங்கும் ‘உயிர்வளி’ அப்பிழையைச் சுமக்கவில்லை. அது வாயுவின் பயனைச் சொல்கிறது.

தமிழில் வேதியியலைச் சொல்லும் முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் தந்த ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் 1875இல் வெளிவந்தது. கலைச்சொல் எதுவாயினும், அதன் பின்னே நிற்கும் சான்றையும் சேர்த்துக் கற்பிப்பதே ஆசிரியர் கடன். அடுத்த முறை கரும்பலகையில் நீரின் வாய்பாட்டை எழுதும்போது, அந்த ‘2’ எங்கிருந்து வந்தது என்று மாணவரைக் கேட்கலாம். அவ்வினாவிற்கு விடை தேடும் மாணவர், நீரை மட்டுமன்றி அறிவு வளரும் வழியையும் அறிந்துகொள்வார்.