திருச்சிராப்பள்ளி நிலத்து மீன்பல்லி

கல்முனைக் கரையின் மணல் மிக இளையது. அதன் கீழுள்ள பாறையோ முதுகெலும்புடைய உயிர்கள் தோன்றுமுன்னரே உருமாறி இறுகியது. ஆதலின், அழிந்தொழிந்த கடலூர்வனவற்றின் சுவடு இங்குக் கிடைத்தற்கு இடமில்லை. அதனைத் தேடுவோர் பாக்கு நீரிணைக்கு அப்பால், கடலை விட்டு விலகிய திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர்ப் பகுதிகளின் வறண்ட நிலத்துக்கே செல்லல் வேண்டும்.

அந்நிலம் ஒருகாற் கடலடியாய்க் கிடந்தது. அங்குள்ள படிவுப் பாறைகளை ஆராய்ந்த பிளான்போர்டு என்பார், ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என அவற்றை மூன்று தொகுதிகளாக வகுத்தார். அங்குக் கிடைத்த சில முள்ளந்தண்டெலும்புகளைக் கொண்டு, 1879இல் லைடெக்கர் என்னும் அறிஞர் ‘இக்தியோசோரஸ் இண்டிக்கஸ்’ எனப் பெயரிட்டார். மீன்பல்லி என்பது இதன் பொருள். இவ்வினத்தின் முள்ளந்தண்டெலும்பு இருபுறமுங் குழிந்த வட்டத் தட்டுப் போன்றது. சூரை மீனை அறுத்தவர்க்கு இவ்வடிவம் புதிதன்று. எனினும் இது மீனன்று. சில எலும்புகளைக் கொண்டு தனியினம் வகுத்தல் தகுமோ எனப் பின்வந்தோர் ஐயுற்றனர், அவ்வையம் நியாயமானதே. ஆயின், மீன்பல்லி அக்கடலில் வாழ்ந்தது என்பதில் ஐயமில்லை.

அதன் வாழ்க்கையை அறிய, முழுமையாகக் கிடைத்த பிறநாட்டு உயிர்ச்சுவடுகள் துணைபுரிகின்றன. நம் கடலில் மூச்செடுக்க மேலெழும் ஓங்கலைப் போன்றே அதுவும் நுரையீரலால் மூச்சுவிட்டது. உருவிலும் ஓங்கலை ஒத்தது. ஆனால் ஓங்கலின் வால் கிடையாக விரிய, இதன் வால் மீனினதுபோல் நிமிர்ந்து நின்றது. நிலத்துக்கு மீண்டு முட்டையிடும் ஆமையின் வழக்கம் இதற்கில்லை. கருவிற் குட்டியோடு கல்லாகிய தாய்கள், இது நீரிலேயே குட்டி ஈன்றது என்பதற்குச் சான்று. கண்களோ மிகப் பெரியன. இருண்ட ஆழத்தில் இரைதேட உதவின போலும்.

2017இல், கச்சுப் பகுதியின் லோடாய் என்னும் ஊரருகே கிடைத்த ஏறத்தாழ முழுமையான எலும்புக்கூடு பற்றிய ஆய்வு வெளியாயிற்று. ஏறக்குறைய 15 கோடி ஆண்டுப் பழமையுடைய அவ்விலங்கின் பற்தேய்வு, அது வன்மையான இரையைக் கடித்துண்டதைக் காட்டுகின்றது. தமிழகத்து மீன்பல்லியோ அதற்கு மிகப் பிந்தியது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன், தைனோசர்கள் மறையுமுன்னரே, அவ்வினம் முழுவதும் அழிந்தது. அரியலூர்த் தொகுதியைச் சேர்ந்த கல்லமேட்டில் தைனோசர் எலும்புகள் கிடைக்கின்றன. மீன்பல்லியின் எலும்பு கிடைப்பதில்லை.