மூட்டுவலி, முதுகுவலி: எப்போது காத்திருக்கலாம், எப்போது காத்திருக்கக் கூடாது?

பெங்களூரு: தமிழர்கள் கணிசமாக வாழும் அல்சூர் வட்டாரத்தை ஒட்டி அமைந்துள்ள ஜோகுபாளையம் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில், மாடிப்படி ஏறுவதும் தண்ணீர்க் குடம் தூக்குவதும் இருசக்கர வாகனத்தில் மணிக்கணக்கில் பயணிப்பதும் அன்றாட வாழ்க்கையின் பகுதிகள். முழங்கால் வலி, இடுப்பு வலி, கழுத்து வலி ஆகியவை ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் யாருக்கேனும் இருக்கும் குறைகள். ஆனால், அவற்றைக் குறித்த அச்சங்களும் தவறான நம்பிக்கைகளும் நோயைக் காட்டிலும் அதிக இழப்பை ஏற்படுத்துவதுண்டு.

இத்தகைய வலிகளில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சை இன்றிக் குணமாகக் கூடியவை. அதே வேளையில், சில அறிகுறிகள் தோன்றினால் ஒரு நாள் தாமதமும் நிரந்தர ஊனத்தில் முடியலாம். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் மிக அவசியம். நோயாளிகள் அடிக்கடி எழுப்பும் ஐயங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் வருமாறு:

இடுப்பு வலி வந்தாலே டிஸ்க் விலகிவிட்டது என்று பொருளா?

இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2020-ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடி பேர் கீழ்முதுகு வலியால் பாதிக்கப்பட்டிருந்தனர். இந்த எண்ணிக்கை 2050-க்குள் 84.3 கோடியாக உயரும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குக் குறிப்பிட்ட ஒரு நோயைக் காரணமாகச் சுட்ட இயலாது. தசை, தசைநார், சிறு மூட்டுகள் ஆகியவற்றில் ஏற்படும் பிடிப்பும் அயர்ச்சியுமே வலியாக வெளிப்படுகின்றன. பெரும்பாலும் சில வாரங்களில் இது தணிந்துவிடும்.

முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி இடுப்பிலிருந்து தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே வரை மின்னல் போல் இறங்கும். மரத்துப்போதலும் இருக்கலாம். இந்த வகையிலும் பெரும்பாலானோர் 6 முதல் 12 வாரங்களுக்குள் மருந்தாலும் இயன்முறை சிகிச்சையாலும் தேறிவிடுகின்றனர்.

படுத்தே ஓய்வெடுக்க வேண்டுமா? இடுப்புப் பட்டை அணிய வேண்டுமா?

வலி கடுமையாக உள்ள ஓரிரு நாட்களுக்கு வேலையைக் குறைத்துக் கொள்ளலாம். அதற்கு மேல் படுக்கையில் இருப்பது தசைகளைப் பலவீனமாக்கி, குணமடைவதைத் தாமதப்படுத்தும். இயன்ற அளவு நடமாடுவதே நல்லது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதல்களை உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்டது. அதில் முறையான உடற்பயிற்சி பரிந்துரைக்கப்பட்டுள்ளது. இடுப்புப் பட்டை, எடை கட்டி இழுக்கும் டிராக்ஷன் சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாக அளிக்கக் கூடாது என்றும் கூறப்பட்டுள்ளது.

உடனே எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பது நல்லதல்லவா?

ஸ்கேன் அறிக்கையில் "டிஸ்க் தேய்மானம்", "டிஸ்க் பிதுக்கம்" என்ற சொற்களைக் கண்டு கலங்குவோர் பலர். 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, முதுகுவலியே இல்லாத 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் டிஸ்க் தேய்மானம் காணப்படுகிறது. 80 வயதினரில் இது 96 சதவீதம். அதாவது, தலை நரைப்பதைப் போல முதுகெலும்பிலும் வயதின் அடையாளங்கள் தோன்றுகின்றன. அவை எல்லாமே நோயல்ல.

ஆகவே, அறிக்கையில் உள்ள சொற்களுக்கு அல்ல, நோயாளியின் அறிகுறிகளுக்கே சிகிச்சை அளிக்கப்பட வேண்டும். வலி ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, நரம்பு பாதிப்பின் அடையாளம் இருந்தாலோ, அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்பட்டாலோ ஸ்கேன் பயன்படும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் யாவை?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

• முதுகுவலியுடன் சிறுநீர் கழிக்க இயலாமை, அல்லது சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றி வெளியேறுதல்

• பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி மரத்துப்போதல்

• கால் அல்லது பாதம் நாளுக்கு நாள் வலுவிழத்தல்

• கீழே விழுந்த பின்னரோ விபத்துக்குப் பின்னரோ ஏற்படும் கடும் முதுகு, கழுத்து வலி

• புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாகத் தோன்றும் முதுகுவலி

• காய்ச்சலுடன் ஒரு மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து அசைக்க முடியாமல் போதல்

முதல் இரண்டும் தண்டுவடத்தின் கீழ்முனையில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளங்கள். உரிய நேரத்தில் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால், சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாக இழக்கப்படலாம்.

இந்தியாவில் மற்றொன்றையும் மறந்துவிடக் கூடாது. வாரக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலியுடன் மாலை நேரக் காய்ச்சல், எடை குறைதல், பசியின்மை இருந்தால் அது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். இருமல் இல்லை என்பதால் காசநோய் இல்லை என்று கருத முடியாது. இதற்கான மருந்துகள் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் இலவசமாக வழங்கப்படுகின்றன. சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்து உதவியாக வழங்கப்படும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் ரூ.1,000 ஆக உயர்த்தப்பட்டது.

முழங்கால் தேய்ந்திருந்தால் நடக்கலாமா?

நடந்தால் மூட்டு மேலும் தேயும் என்ற அச்சத்தில் பலர் நடப்பதையே நிறுத்திவிடுகின்றனர். இது தலைகீழான முடிவு. முழங்காலைத் தாங்கும் தொடைத் தசைகள் வலுவிழந்தால் வலி கூடவே செய்யும். சமதளத்தில் நடப்பதும், நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சியும் பாதுகாப்பானவை. பயிற்சியின்போது லேசான வலி இருப்பது தீங்கல்ல. அடுத்த நாளும் வலியும் வீக்கமும் நீடித்தால் அளவைக் குறைத்துக் கொள்ள வேண்டும்.

உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீதான சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. தரையில் சம்மணமிடுதல், குத்துக்காலிட்டு அமர்தல் ஆகியவற்றைக் குறைத்துக் கொள்வதும், மேற்கத்திய முறைக் கழிப்பறையைப் பயன்படுத்துவதும் வலியைத் தணிக்கும்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை எப்போது தேவை?

எக்ஸ்-ரே படம் மட்டுமே இதனை முடிவு செய்வதில்லை. மருந்து, பயிற்சி, எடைக் குறைப்பு ஆகியவற்றை முறையாக முயன்ற பின்னரும் இரவில் உறங்கவோ வீட்டுக்குள் நடமாடவோ முடியாத நிலை இருந்தால் அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்படுகிறது. முழுமையாக மாற்றப்பட்ட முழங்கால் மூட்டுகளில் 82 சதவீதம் 25 ஆண்டுகள் நீடிப்பதாக 2019-இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. அறுவைக்குப் பின் பயிற்சியைத் தொடராவிட்டால் முழுப் பலன் கிட்டாது.

செலவைப் பொறுத்தவரை, செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விதித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது ரூ.54,720 (ஜிஎஸ்டி நீங்கலாக) என நிர்ணயிக்கப்பட்டது. இது மூட்டுக் கருவியின் விலை மட்டுமே. அறுவை சிகிச்சை, அறை வாடகை ஆகியவை தனி. மருத்துவமனை ரசீதில் கருவியின் விலை, தயாரிப்பு நிறுவனம், தொகுதி எண் ஆகியவை தனியே குறிப்பிடப்பட வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.

காலையில் விரல்களை மடக்க முடியவில்லை, இதுவும் தேய்மானமா?

தேய்மானத்தால் வரும் விறைப்பு பொதுவாக அரை மணி நேரத்துக்குள் நீங்கிவிடும். இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கி, காலை விறைப்பு அதற்கும் மேலாக நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். இது உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்கும் நோய். தொடக்கத்திலேயே மருந்து தொடங்கினால் மூட்டு உருக்குலைவதைத் தடுக்கலாம். இந்நோய்க்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒரு முறை மட்டுமே உட்கொள்ள வேண்டியது. தவறுதலாகத் தினமும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்தாகும்.

இளம் வயதினருக்கு, ஓய்வில் அதிகரித்து நடமாட்டத்தில் குறையும் இடுப்பு வலி மூன்று மாதங்களுக்கு மேல் இருந்தால், முதுகெலும்பை இறுகச் செய்யும் அழற்சி நோய் உள்ளதா எனப் பரிசோதிக்க வேண்டும். நள்ளிரவில் கால் பெருவிரல் திடீரெனச் சிவந்து வீங்கி வலித்தால், யூரிக் அமிலப் படிகங்களால் வரும் கவுட் நோயாக இருக்கலாம்.

எலும்பு பலவீனமடைவதை எப்படி அறிவது?

எலும்புப்புரை நோய்க்கு வலி கிடையாது. பலருக்கு எலும்பு முறிந்த பின்னரே தெரியவருகிறது. மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு எலும்பு அடர்த்தி விரைவாகக் குறைகிறது. நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், ஸ்டீராய்டு மருந்து நீண்ட காலம் உட்கொண்டிருந்தால், அல்லது உயரம் குறைந்து கூன் விழுந்தால் டெக்சா பரிசோதனை அவசியம். அதில் 'டி' மதிப்பெண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை நோய் என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராமும் தேவை என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. கர்நாடகத்தின் அன்றாட உணவான கேழ்வரகில், 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் உள்ளது. பால், தயிர், எள், கீரை, சிறு மீன் ஆகியவையும் நல்ல ஆதாரங்கள்.

வைட்டமின் டி குறைபாட்டுக்கு வாரம் ஒரு முறை வழங்கப்படும் 60,000 யூனிட் மருந்தைச் சிலர் பரிசோதனையின்றி ஆண்டுக்கணக்கில் உட்கொள்கின்றனர். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் கூடி, சிறுநீரகம் பாதிக்கப்படும்.

எலும்பு முறிவுக்கு நாட்டுக் கட்டு போடலாமா?

பெங்களூருவிலும் தமிழகத்திலும் புத்தூர் கட்டு போன்ற மரபு முறைகளை நாடுவோர் உள்ளனர். எக்ஸ்-ரே எடுக்காமல் கட்டினால், எலும்பு கோணலாகச் சேரவும், மூட்டுக்குள் உள்ள முறிவு கவனிக்கப்படாமல் போகவும் வாய்ப்புண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து, இறுக்கமான கட்டினால் இரத்த ஓட்டம் தடைபடுவது. எங்கு, யார் கட்டியிருந்தாலும், மாவுக்கட்டாக இருந்தாலும், விரல்கள் குளிர்ந்து நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ கட்டை உடனே தளர்த்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சில மணி நேரத் தாமதம் கை, கால் இழப்பில் முடியலாம்.

முதியவர் விழுந்து எழ முடியாமல், ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவக் கூடாது. 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இரண்டு நாட்களுக்குள் அறுவை சிகிச்சை செய்வது உயிரிழப்பு அபாயத்தைக் குறைக்கிறது. குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத விரிப்பும் அமைப்பது இத்தகைய விபத்துகளைத் தவிர்க்கும்.

வலி மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்ளலாமா?

டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் உட்கொண்டால் வயிற்றில் இரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்த உயர்வு ஏற்படலாம். நீரிழிவு, இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடவே கூடாது. உள்ளடக்கம் குறிப்பிடப்படாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கூடும். அவற்றை நீண்ட நாள் உட்கொண்டவர்கள் திடீரென நிறுத்தாமல், மருத்துவரிடம் தெரிவித்துப் படிப்படியாக நிறுத்த வேண்டும்.

எங்கே செல்வது?

ஜோகுபாளையம், அல்சூர் பகுதி மக்களுக்கு இந்திராநகரில் உள்ள சர் சி.வி.ராமன் பொது மருத்துவமனையும், சிவாஜிநகரில் உள்ள பௌரிங் மற்றும் லேடி கர்சன் மருத்துவமனையும் அருகில் உள்ள அரசு மருத்துவமனைகள். விபத்து, எலும்பு முறிவுகளுக்கென ஜெயநகர் பகுதியில் சஞ்சய் காந்தி விபத்து மற்றும் எலும்பு மருத்துவ நிறுவனம் இயங்கி வருகிறது.

ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை வழங்கப்படுகிறது. மற்ற குடும்பங்களுக்கு நிர்ணயக் கட்டணத்தில் 30 சதவீதம், ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம் வரை கிடைக்கும். அவசர நிலை தவிர, தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற அரசு மருத்துவமனையின் பரிந்துரை தேவை. குடும்ப அட்டை எந்த மாநிலத்தில் உள்ளது என்பதைப் பொறுத்தே தகுதி அமைவதால், தமிழக அட்டை வைத்திருப்போர் மருத்துவமனையில் உள்ள ஆரோக்கிய மித்ரா உதவி மையத்தில் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்து கொள்ள வேண்டும்.

மருத்துவரைச் சந்திக்கச் செல்லும்போது பழைய எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களையும், உட்கொள்ளும் அனைத்து மருந்துகளையும், நாட்டு மருந்துகள் உட்பட, எடுத்துச் செல்வது நல்லது. வலி எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்பதை முன்பே குறித்து வைத்துக் கொண்டால், சரியான சிகிச்சையை முடிவு செய்வது எளிதாகும்.

(இக்கட்டுரை பொதுவான தகவலுக்கானது. இது மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகாது.)