இயங்குதளப் பதிப்பு அறிதல்

இயங்குதளப் பதிப்பு அறிதல் என்பது ஒரு கணினியில் நிறுவப்பட்டுள்ள இயங்குதளம் எது, அதன் எத்தனையாவது வெளியீடு, அவ்வெளியீட்டின் எந்த வகை என்பவற்றைக் கண்டறிவதாகும். மென்பொருள்களையும் வன்பொருள் இயக்கிகளையும் நிறுவும் முன்னரும், பாதுகாப்பு இற்றைகள் இன்னும் கிடைக்கின்றனவா எனத் தெரிந்துகொள்ளவும், பழைய கணினிகளில் தமிழ் எழுத்துகள் சிதையும்போது காரணம் காணவும் இது தேவைப்படுகிறது.

பதிப்பும் வெளியீடும்

தமிழில் பதிப்பு என்னும் ஒரே சொல் இருவேறு பொருள்களில் வழங்குகிறது. ஒரு நூலின் முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்பன கால வரிசையைக் குறிக்கும். ஒரு நாளிதழின் சென்னைப் பதிப்பு, வேலூர்ப் பதிப்பு என்பன ஒரே நாளில் வரும் வெவ்வேறு வகைகள். திருவண்ணாமலையில் நாளிதழ் வாங்குபவர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. கணினியில் பலரும் குழப்பிக்கொள்கின்றனர். இக்கட்டுரையில் கால வரிசையில் வருவது வெளியீடு என்றும், ஒரே வெளியீட்டின் வகை பதிப்பு என்றும் குறிக்கப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, விண்டோஸ் 7 ஒரு வெளியீடு ஆகும். ஸ்டார்ட்டர், ஓம் பேசிக், ஓம் பிரீமியம், புரொபசனல், என்டர்பிரைஸ், அல்டிமேட் என்பன அதன் பதிப்புகள். இவற்றுள் ஸ்டார்ட்டர் பதிப்பு 32 பிட் வகையில் மட்டுமே வெளிவந்தது. 2 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்தாது. மேசைப்பின்னணிப் படத்தை மாற்றவும் அதில் வழியில்லை. "விண்டோஸ் 7 உள்ளது" என்று மட்டும் அறிந்து கூடுதல் நினைவகம் வாங்கிப் பொருத்துபவருக்குச் செலவே மிஞ்சும்.

வணிகப் பெயரும் உள் எண்ணும் ஒத்துப்போக வேண்டியதில்லை. விண்டோஸ் 2000 இன் உள் எண் 5.0, எக்ஸ்பியின் எண் 5.1, விஸ்டாவின் எண் 6.0 ஆகும். விண்டோஸ் 7 இன் எண் 7 அன்று, 6.1. முதல் எண்ணைச் சோதித்து இயங்கும் பழைய மென்பொருள்கள் நின்றுவிடாதிருக்க 6 என்பதே தொடரப்பட்டது. 2021 இல் வெளியான விண்டோஸ் 11 உம் தன்னை 10.0 என்றே குறித்துக்கொள்கிறது. கட்டமைப்பு எண் 22000 அல்லது அதற்கு மேற்பட்டதாயின் அது விண்டோஸ் 11 ஆகும்.

விண்டோசில் அறியும் முறை

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் ஒருசேர அழுத்தினால் சிறு பெட்டி ஒன்று தோன்றும். அதில் வின்வெர் என ஆங்கில எழுத்துகளில் (விண்டோஸ், வெர்சன் ஆகிய இரு ஆங்கிலச் சொற்களின் முதல் மூன்று எழுத்துகளைச் சேர்த்து) தட்டச்சுச் செய்து உள்ளிடு விசையை அழுத்தினால் வெளியீடும் கட்டமைப்பு எண்ணும் காட்டப்படும். மிகப் பழைய விண்டோஸ் வெளியீடுகள் தொட்டு இக்கட்டளை உள்ளது. எக்ஸ்பி, விண்டோஸ் 7 போன்றவற்றில் கணினிப் படவுருவின் மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்திப் பண்புகள் என்பதைத் தெரிவு செய்யலாம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் அமைப்புகளில் சிஸ்டம் என்னும் பகுதியின் கீழ் உள்ள அபௌட் பக்கத்தில் பதிப்பின் பெயரும், 32 பிட்டா 64 பிட்டா என்பதும் இருக்கும். 64 பிட் செயலி உள்ள கணினியில் 32 பிட் இயங்குதளம் இருப்பது உண்டு என்பதால் இரண்டு வரிகளையும் படித்தல் வேண்டும்.

கணினியின் அடிப்புறத்தில் ஒட்டப்பட்டுள்ள உரிமச் சீட்டை மட்டும் நம்பலாகாது. விற்பனையின்போது என்ன இருந்தது என்பதையே அது கூறும். பழுது பார்க்கும் கடையில் பின்னர் வேறு பதிப்பு நிறுவப்பட்டிருக்கலாம்.

தமிழ்நாட்டு மடிக்கணினிகளும் பாஸ் லினக்சும்

தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்ட இம்மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசும் பாஸ் லினக்சும் இரட்டைத் தொடக்க முறையில் நிறுவப்பட்டிருந்தன. இத்தகைய கணினியில் "எந்த இயங்குதளம் உள்ளது" என்னும் கேள்விக்கு விடை இரண்டு. கணினி தொடங்கும்போது தோன்றும் பட்டியலில் எது தெரிவு செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தே அப்போது இயங்குவது அமையும்.

பாஸ் என்பது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூசன்ஸ் என்பதன் சுருக்கம். இந்திய அரசின் சிடாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் வழங்கலை அடிப்படையாகக் கொண்டு இதனை உருவாக்கி 2007 இல் முதல் வெளியீட்டைக் கொணர்ந்தது. வெளியீடுகளுக்கு எண்ணோடு பெயரும் உண்டு. 4 சவீர் எனவும், 5 அனோகா எனவும், 6 அனூப் எனவும் பெயர் பெற்றன. பள்ளிகளுக்கான எடுபாஸ் இதன் தனிப் பதிப்பு.

பாஸ் உள்ளிட்ட லினக்ஸ் வழங்கல்களில் இடிசி என்னும் அடைவிலுள்ள ஓஎஸ்-ரிலீஸ் என்ற உரைக்கோப்பைத் திறந்தால் வழங்கலின் பெயரும் எண்ணும் கிடைக்கும். 2012 க்கு முற்பட்ட வழங்கல்களில் இக்கோப்பு இராது. அங்கு முனையத்தில் எல்எஸ்பி_ரிலீஸ் கட்டளையை -ஏ என்னும் தெரிவுடன் இடலாம். யூநேம் கட்டளை காட்டும் எண் லினக்ஸ் கருனியினுடையதே. அதை வழங்கலின் எண்ணாகக் கொள்வது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழை. அதே கட்டளையை -எம் தெரிவுடன் இட்டு, எக்ஸ்86_64 என்று வந்தால் கருனி 64 பிட் வகை. ஐ686 என்று வந்தால் 32 பிட் வகை.

தமிழ் எழுத்துகள்

இயங்குதள அளவில் தமிழ் ஒருங்குறி ஆதரவு விண்டோஸ் 2000 இல் லதா எழுத்துருவுடன் வந்தது. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் அது இல்லை; ஆகவே அவற்றில் தமிழ், திஸ்கி போன்ற குறியாக்கங்களைக் கொண்ட எழுத்துருக்களால் எழுதப்பட்டது. எக்ஸ்பியில் ஆதரவு இருந்தும் அது முடக்கப்பட்ட நிலையிலேயே வந்தது. கட்டுப்பாட்டுப் பலகத்தின் வட்டார, மொழித் தெரிவுகளில் சிக்கலான எழுத்து முறைகளுக்குரிய கோப்புகளை நிறுவல் வட்டின் துணையுடன் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்க்காவிடில் கொம்பு எழுத்துக்கு முன் வராமல் பின்னால் புள்ளி வட்டத்துடன் நிற்கும். வெறும் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துருவே இல்லை என்று பொருள். விஸ்டா முதல் இச்செயற்பாடு தேவைப்படவில்லை. விண்டோஸ் 7 இல் விஜயா எழுத்துருவும், விண்டோஸ் 8 இல் நிர்மலா எழுத்துருவும் சேர்க்கப்பட்டன.

திருமண அழைப்பிதழும் திருவிழா அறிவிப்பும் அச்சிடும் நிலையங்களில் ஒருங்குறி அல்லாத எழுத்துருக்கள் நெடுங்காலம் நீடித்தன. 2001 இல் வந்த பேஜ்மேக்கர் 7 போன்ற மென்பொருள்கள் எக்ஸ்பி காலத்தவை. இத்தகைய கணினியை மாற்றும் முன் பழைய இயங்குதளத்தின் வெளியீட்டையும் எழுத்துருக்களின் பெயர்களையும் குறித்து வைத்தல் நலம். எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும்.

ஆதரவுக் காலம்

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7 க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவுற்றன. கூகுள் குரோம் உலாவியின் 109 ஆம் வெளியீடே விண்டோஸ் 7 இல் இயங்கும் இறுதி வெளியீடு. 2023 பெப்ரவரியில் வந்த 110 க்கு விண்டோஸ் 10 தேவை.