கரப்பானுக்கு எந்த ஊர்?

திருகோணமலைக்கு யார் யார் வந்தார்கள் எண்ட பட்டியலை நாங்கள் எல்லாரும் ஓ/எல் காலத்தில பாடமாக்கியிருக்கிறோம். 1624இல் போர்த்துக்கீசர், கோணேசர் கோயிலை இடித்த கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் கண்டி அரசனோடு சேர்ந்து அதைப் பிடித்தார்கள். 1782இல், ஒரே ஆண்டுக்குள், ஜனவரியில் பிரித்தானியரும் ஓகஸ்ட்டில் பிரெஞ்சுக்காரரும். 1795இல் திரும்பவும் பிரித்தானியர். கடற்படைத்தளத்தை அவர்கள் விட்டுக் கொடுத்தது 1957இல்தான். தளபதிகள் எல்லாருக்கும் இந்தப் பட்டியலில் இடமுண்டு. அவர்களுடைய கப்பல்களின் அடித்தட்டில் வந்து இறங்கினவைக்கு ஒரு வரிகூட இல்லை. அதில ஒன்றைப் பற்றித்தான் இங்க எழுதப்போகிறோம். அருவருப்புப் படுறவை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.

ஆளை எல்லாருக்கும் தெரியும். நாலு சென்ரிமீற்றர் நீளம், செம்பழுப்பு நிறம், தலையை மூடியிருக்கும் கவசத்தின் ஓரத்தில் மங்கலான மஞ்சள் வளையம், உடம்பைவிட நீண்ட உணர்கொம்பு. பகலில் கானுக்குள்ளும் மலசலகூடக் குழியிலும் பலசரக்குக் கடையின் சாக்குகளுக்கு அடியிலும் கிடக்கும். இருட்டினால் வெளியே வரும். வாடைக்கால மழையில் கான்கள் நிரம்பும்போது குசினிவரைக்கும் ஏறிவிடும். அடிக்கப் போனால் ஏன் பெரும்பாலும் தப்பிவிடுகிறது? அதன் பின்பக்கத்தில் நுண்மயிர் மூடிய இரண்டு சிறு கொம்புகள் இருக்கின்றன. செருப்பு இறங்க முதலே, அது தள்ளிவரும் காற்றை அவை உணர்ந்துவிடும். பிறகு ஓட்டம்தான்: செக்கனுக்கு ஒன்றரை மீற்றர்வரை, அதாவது தன் உடம்பைப்போல ஐம்பது மடங்குக்குக் கிட்ட.

எங்கட பக்கத்தில இதைக் கரப்பொத்தான் எண்டும் சொல்லுவினம். சிங்களத்தில் கெரபொத்தா. இந்த இரண்டு சொல்லும் ஒன்றை ஒன்று பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கும். அறிவியல் பெயர்தான் வேடிக்கை. 1758இல் லின்னேயஸ் இதுக்கு 'அமெரிக்கானா' எண்டு பெயர் வைத்தார். ஆனால் இதன் பூர்வீகம் ஆபிரிக்கா என்பதே பூச்சியியலாளர் பொதுவாக ஏற்றுக்கொள்வது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிப்போன கப்பல்கள்தான் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோயின என்று ஜேம்ஸ் றென் 1945இல் எழுதினார். மனிதரைச் சங்கிலியில் கட்டிக் கொண்டுபோன கப்பலில் சீட்டு இல்லாமல் போன பூச்சிக்கு, போய் இறங்கின ஊரின் பெயர் கிடைத்தது. 1838இல் பேர்மைஸ்டர் வைத்த பேரினப் பெயரான 'பெரிப்பிளனேட்டா' பரவாயில்லை. கிரேக்கத்தில் அதுக்குச் சுற்றித் திரிவது எண்டு பொருள் வரும்.

மரக்கப்பல் இதுக்குச் சொர்க்கம். சூடு, ஈரம், இருட்டு, சாக்கு நிறையத் தானியம். பெண் பூச்சி எட்டு மில்லிமீற்றர் அளவான ஒரு கூட்டுக்குள் பதினைந்து முட்டைபோல இட்டு, அதை எங்காவது ஒரு இடுக்கில் எச்சிலால் ஒட்டிவிட்டுப் போய்விடும். குஞ்சு வர ஒன்றிரண்டு மாதம். ஐரோப்பாவிலிருந்து இந்தப் பக்கம் வர ஆறேழு மாதம் எடுத்த காலத்தில், ஏறினது ஒரு தலைமுறை, இறங்கினது வேறொரு தலைமுறை. 1587இல் பிரான்சிஸ் டிரேக் பிடித்த சான் பிலிப் என்ற போர்த்துக்கீசக் கப்பல் கீழைத்தேசச் சரக்கோடு வந்துகொண்டிருந்தது. அதில் வாசனைத் திரவியத்தோடு இந்தப் பூச்சியும் மொய்த்துக் கிடந்ததாகத் தோமஸ் மொஃபெற்றின் பூச்சி நூலில் இருக்கிறது. 'பவுன்டி' கப்பலின் கப்டன் பிளை தஹிட்டியில் நின்றபோது, பெட்டிகளை எல்லாம் கரையில் இறக்கி, கப்பலின் உட்பக்கத்தைக் கொதிநீரால் கழுவச் சொன்னார். கரப்பானைக் கொல்லத்தான். கரைக்குப் போன பெட்டிகளுக்குள் என்ன இருந்திருக்கும் எண்டதை நீங்களே யோசியுங்கோ.

திருகோணமலையின் இடம் இங்கதான் வருகிறது. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல் பாதுகாப்பாக நிற்க ஒரு துறைமுகம் இருக்கவில்லை. எங்கட உட்துறைமுகத்தில் எந்தக் காற்றுக்கும் நிற்கலாம். இத்தனை அரசுகள் இதுக்காக அடிபட்டதன் காரணம் அதுதான். புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் 1659இல் கொட்டியாரக் குடாவுக்கு வந்ததும் மரம் பார்க்கத்தான். அதில் வந்த றொபேர்ட் நொக்ஸ் கண்டி அரசனிடம் அகப்பட்டு இருபது வருசத்துக்குக் கிட்ட இங்கேயே கிடந்த கதை தெரிந்ததே. கப்பல் நின்றால் சரக்கு இறங்கும், தண்ணீர்ப் பீப்பா இறங்கும், பலகை கழற்றப்படும். ஒழித்து வந்தவை இறங்குவதும் அப்பதான். எந்தக் கப்பலில் முதல் கரப்பான் இறங்கியது என்று எந்தப் பதிவேடும் எழுதி வைக்காது. ஆனால் துறைமுகத்தின் வேலையே அதற்கு வழி விட்டது எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம்.

இதுக்கு எதிர்த்திசையிலும் ஒரு கதை இருக்கு. பேக்கரி, சாப்பாட்டுக் கடைகளில் ஓடுற சின்னக் கரப்பான், கவசத்தில் இரண்டு கறுப்புக் கோடு உள்ளது, அதன் பெயர் 'ஜேர்மானிக்கா'. லின்னேயஸ் 1767இல் வைத்தது. ரஷ்யர்கள் அதைப் பிரஷ்யாக்காரன் எண்டுவினம். ஜேர்மனியின் சில பகுதிகளில் அதுவே ரஷ்யாக்காரன். 2024இல் 17 நாடுகளிலிருந்து எடுத்த 281 பூச்சிகளின் மரபணுவைப் பார்த்த ஆய்வு இந்தச் சண்டைக்கு முடிவு கட்டியது. இது சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் அல்லது மியன்மாரில், ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்த இனம். வங்காள விரிகுடாப் பக்கத்து ஆள்! சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் மேற்கே போய், ஏறக்குறைய 390 ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பியக் கம்பனிகள் இந்தக் கடலில் வியாபாரம் செய்த காலத்தில், கிழக்கேயும் பரவியது. ஒல்லாந்தர் எங்கட கோட்டையைப் பிடித்ததும் அந்தக் காலம்தான். ஐரோப்பாவுக்கு அது போனது அதுக்கும் பிறகு.

பெயர் வைக்கிறவன் எப்போதும் பக்கத்து ஊர்க்காரனின் பெயரைத்தான் வைக்கிறான். பூச்சிக்கு வைக்கும்வரை சிரிக்கலாம். 1994இல் ருவாண்டாவில் வானொலி துட்சி மக்களை 'இன்யென்சி' என்று அழைத்துக்கொண்டே இருந்தது. கரப்பான் என்று அர்த்தம். நூறு நாளில் பல லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். எங்கட மாவட்டத்தில மூன்று சமூகங்களும் ஒருவரை ஒருவர் பார்த்து "நீங்க எப்ப வந்தனீங்க?" எண்டு கேட்கிறது புதுசில்லை. அந்தக் கேள்வி பெரும்பாலும் காணியில்தான் போய் முடியும்.

காணி எண்டால் உறுதி. உறுதி எண்டால் திரும்பவும் கரப்பான். கடதாசியின் பசையும் மாப்பூச்சும் அதுக்கு நல்ல சாப்பாடு. தின்றது போக மிச்சத்தை எச்சத்தால் கறையாக்கும். 1624இலேயே ஜோன் ஸ்மித் பெர்முடாவைப் பற்றி எழுதும்போது, இது பெட்டிக்குள் புகுந்து நாசம் பண்ணுவதைச் சொல்லியிருக்கிறார். அவரும் அதை இந்தியப் பூச்சி எண்டுதான் எழுதினார், மேற்கிந்தியாவை நினைத்துக்கொண்டு. சம்பூர் சனம் 2006இல் வெளிக்கிட்டு, 2015க்குப் பிறகுதான் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கியது. கிளிவெட்டி முகாம் மாதிரியான இடங்களில் அத்தனை வருசம் ஒரு கடதாசியை ஈரத்துக்கும் பூச்சிக்கும் தப்ப வைக்கிறது லேசான வேலை இல்லை. வீட்டில அம்மம்மாவின் ட்றங்குப் பெட்டிக்குள் பழைய உறுதி கிடந்தால், இறுக்க மூடுற டப்பா ஒன்றுக்கு மாற்றி, இரண்டு நப்தலின் உருண்டை போட்டு, உயரத்தில் வையுங்கோ. அதுக்கு முதல் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கோ, பின்பக்கத்து முத்திரையையும் சேர்த்து.