டயர் முதல் தடுப்பூசி வரை: அன்றாட வாழ்வில் நானோ தொழில்நுட்பம்

பால்மரத்திலிருந்து வடியும் பால் வெள்ளை நிறம். அந்த ரப்பர் சேரும் டயர் மட்டும் ஏன் கறுப்பாக இருக்கிறது? 'கார்பன் பிளாக்' எனும் மிக நுண்ணிய கரித்தூளை அதில் கலப்பதே காரணம். இத்துகள்கள் ரப்பருடன் இறுகப் பிணைந்து, டயர் சீக்கிரம் தேயாமல் காக்கின்றன. 'நானோ தொழில்நுட்பம்' என்ற சொல் பிறப்பதற்கு முன்பே இம்முறை புழக்கத்திற்கு வந்துவிட்டது. 1974இல்தான் ஜப்பானியப் பேராசிரியர் நோரியோ தனிகுச்சி அச்சொல்லைப் பயன்படுத்தினார்.

ஒரு மீட்டரை 100 கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள பொருள்களைக் கையாள்வதே இத்துறை.

ஒரு பொருளை இவ்வளவு சிறிதாக்கினால் அதன் குணமும் மாறுகிறது. துத்தநாக ஆக்சைடைச் சாதாரணமாகப் பூசினால் முகம் வெள்ளையாகத் தெரியும். நானோ அளவில் அது கண்ணுக்குத் தெரியாமலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும். சன்ஸ்கிரீன்களில் அது சேர்க்கப்படுவது இதனால்தான். கோவிட்-19 எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளிலும், மருந்தை உடலின் செல்களுக்குள் பத்திரமாகக் கொண்டு சேர்த்தவை நானோ அளவிலான கொழுப்புத் துகள்களே.

அதே நுண்மை கவலையும் தருகிறது. துர்நாற்றத்தைத் தடுக்க நானோ வெள்ளி சேர்த்த காலுறைகளைத் துவைக்கும்போது, வெள்ளி நீரில் கலப்பதை அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் காட்டினர். உணவுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவில் தடை செய்தது. அதன் துகள்களில் ஒரு பகுதி நானோ அளவிலானவை. அவை மரபணுவைப் பாதிக்கக்கூடும் என்ற ஐயத்தை நீக்க முடியாததே காரணம்.

தோலில் பூசுவதைவிட, தூளாகவோ ஸ்பிரேயாகவோ மூச்சில் நுழையும் பொருள்களிலேயே கூடுதல் கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் அழகுசாதனப் பொருள்களில், நானோ மூலப்பொருள் இருந்தால் அதன் பெயருக்குப் பக்கத்தில் 'நானோ' என்று குறிப்பிட வேண்டும். இவ்விதி 2013 முதல் நடப்பில் உள்ளது.

மலேசியாவில் நானோ பொருள்களைச் சோதித்துச் சான்றளிக்கும் 'நானோவெரிஃபை' திட்டம் உள்ளது. 'நானோ' என்ற பெயரைச் சொல்லி அதிக விலைக்கு ஒரு பொருளை யாரேனும் விற்க வந்தால், அதில் இருக்கும் பொருள் என்ன, சோதித்தது யார் என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. அந்தச் சொல் மட்டுமே தரத்திற்கு உத்தரவாதம் ஆகாது.