பஸ்காலின் மலையும் புல்லட்டின் கார்புரேட்டரும்

லடாக்கில் கார்துங் லா என்ற கணவாய் 5359 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பழைய கார்புரேட்டர் புல்லட்டில் அங்கே போய்வந்த பிள்ளைகள் சொல்லும் புகார் ஒன்றுதான். ஏறும்போது முக்கி முனகியாவது வண்டி ஏறிவிடுகிறது; ஆக்சிலேட்டரை விட்டால் ஐடிலிங் நிற்காமல் என்ஜின் அணைந்துவிடுகிறது. கீழே ஒழுங்காக ஓடிய அதே வண்டிதான். இதற்கான காரணம் மோட்டார் சைக்கிள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, 1648-இல், பிரான்சில் தெரிந்துவிட்டது.

பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு பிளேஸ் பஸ்கால் பழகிய பெயர். காற்றுக்கு எடை உண்டென்றால் மலையுச்சியில் அதன் அழுத்தம் குறையவேண்டும் என்று அவர் கணித்தார். அவர் இருந்ததோ பாரிசில். ஆகவே கிளெர்மோனில் இருந்த தம் அக்காள் கணவர் புளோரேன் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி பெரியே பாதரசக் குழாயோடு புய் தெ தோம் மலை ஏறினார். கீழே மடத்துத் தோட்டத்தில் இன்னொரு குழாயை வைத்து, ஒரு துறவியை நாள் முழுதும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அந்தக் குழாயில் மட்டம் அசையவில்லை. சுமார் 1000 மீட்டர் மேலே, உச்சியில், பாதரசம் எட்டரை சென்டிமீட்டர் இறங்கி நின்றது.

கார்துங் லா அதைவிடப் பன்மடங்கு உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். திருவொற்றியூரில் கடலோரத் தொழிற்சாலையில் உருவான புல்லட்டின் கார்புரேட்டருக்கு இது தெரியாது. உறிஞ்சும் காற்றின் எடை பாதியாகக் குறைகிறது. ஜெட் வழியாக வரும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. கலவையில் பெட்ரோல் மிஞ்சிப்போய், பிளக் கரி பிடிக்கிறது. ஐடிலிங்கில் உள்ளே போகும் காற்றே கொஞ்சம் என்பதால் என்ஜின் முதலில் தடுமாறுவது அங்கேதான். பலர் பதறிப்போய் சோக்கை இழுப்பார்கள். அது பெட்ரோலை இன்னும் கூட்டும்.

மெக்கானிக்குகள் கண்ட வழி எளிது. ஏர் ஸ்குரூவைச் சிறிது தளர்த்திக் காற்றைக் கூட்டுவது, ஐடிலிங் ஸ்குரூவால் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றுவது. ஆனால் கீழே இறங்கியதும் பழைய இடத்துக்கே திருப்பவேண்டும். மறந்தால் காற்று மிஞ்சி, ஐடிலிங் மறுபடி கெடும், என்ஜின் சூடேறும்.

அக்கால விமானிகளுக்குக் கலவையைச் சரிசெய்யக் கைக்கெட்டும் இடத்தில் ஒரு நெம்புகோலே இருந்தது. மோட்டார் சைக்கிள்காரனுக்குக் கிடைத்ததெல்லாம் ஸ்குரூ டிரைவர்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் புதிய வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோல் இன்ஜெக்ஷன்தான். காற்றழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து சொல்ல, அதற்கேற்பப் பெட்ரோல் இறங்குகிறது. பெரியே சுமந்துபோன குழாயின் வேலையைத்தான் அந்தச் சிறு பொருள் செய்கிறது. ஆனாலும் இல்லாத காற்றை அதனால் உண்டாக்க முடியாது. இழுவை குறையத்தான் செய்யும்.

உங்கள் பேரன் பழைய வண்டியில் லடாக் கிளம்பினால், ஏர் ஸ்குரூ எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்று புறப்படுமுன் எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இறங்கும் கொண்டை ஊசி வளைவில் என்ஜின் அணைவது விளையாட்டல்ல.